இரண்டு அன்னத்துக்கு நடுவில்

நீங்க எதிர்லயே உக்காருங்க. இல்லைங்க, பக்கத்துல வேண்டாம், எதிர்லதான் எனக்கு வசதி. இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு துணி எடுத்துக் காட்டப் போறேன், அதுக்கு எதிர்ல ஒரு ஆளு வேணும். பயப்படாதீங்க, விக்கறதுக்கு இல்ல. கரூர்க்காரன் பையத் திறந்தாலே பெட்ஷீட் விக்கறான்னு நினைச்சுக்கறாங்க. நான் வாத்தியாருங்க. பேரு தணிகாசலம். துணியில பூ, கொடி, பறவையெல்லாம் அச்சடிக்கறாங்க இல்ல, அதை எப்படி வரையறதுன்னு சொல்லிக் கொடுக்கற வாத்தியார்.

இந்த ரயில்ல ஈரோடு வரைக்குமா? நானும் ஈரோடுதான். நீங்க என்ன பண்றீங்க? கோழித் தீவன ஆர்டரா. ரொம்ப சந்தோஷம். அப்ப உங்களுக்குத் துணி டிசைனைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தப்பா எடுத்துக்காதீங்க, அதுதான் எனக்கு வேணும். தெரிஞ்ச ஆளுங்ககிட்ட நியாயம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. மூணாம் மனுஷன் ஒருத்தர் சொல்லட்டும்னு இருக்கேன்.

இந்தக் கவர்ல இருக்கறது மார்க் லிஸ்ட். இன்னைக்கு நாலு மணிக்குள்ள ஈரோட்டுல எங்க பயிற்சி மையத்தோட தலைமை ஆபீஸ்ல கொடுத்தாகணும். எட்டுப் பேரு. ஏழு பேருக்கு மார்க்கு போட்டு மேல பேனாவும் ஓட்டியாச்சு. நான் எதையும் முதல்ல பென்சில்லதான் எழுதுவேன், எங்க தொழில் பழக்கம் அது. முடிவாச்சுன்னாத்தான் பேனா. ஒருத்தருக்கு மட்டும் இன்னும் பென்சில்ல நிக்குது. சௌடேஸ்வரி. செய்முறைக்கு அம்பதுக்கு இருபத்துநாலு. பாஸுக்கு இருபத்தஞ்சு வேணும். பேனா ஓட்டறதுக்கு நேரம் கிடைக்கல, அவ்வளவுதான். மூணு வாரமா நேரம் கிடைக்கல.

அந்தம்மா யாருன்னு சொல்லிடறேன். ஒரு ஏத்துமதிக் கம்பெனியில செக்கிங்ல பதினோரு வருஷமா நிக்குது. நிக்குதுன்னா நிசமாவே நிக்கற வேலைங்க. சாய்வா ஒரு கண்ணாடி மேஜை இருக்கும், கீழ ட்யூப்லைட் எரியும், அச்சடிச்ச துணி மேல இருந்து கீழ ஓடிக்கிட்டே இருக்கும். எங்க நூல் அறுந்திருக்கு, எங்க கறை, எங்க கலர் மாறியிருக்குன்னு பாத்துப் பாத்து, அந்த இடத்துல அம்புக்குறி போட்ட ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். காலையில எட்டரைக்கு நின்னா சாயங்காலம் வரைக்கும். கால் நரம்பெல்லாம் சுருண்டுகிட்டு நிக்கும் பாவம்.

அந்தக் கம்பெனி முதலாளி என்ன பண்ணினாரு, செக்கிங்ல இருந்து எட்டுப் பேரைப் பொறுக்கி, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க மையத்துக்கு அனுப்பிச்சாரு. ஆறு மாசப் படிப்பு. பாஸ் பண்ணினவங்கள்ல ஒருத்தருக்கு டிசைன் ரூம்ல உதவியாளர் வேலைன்னாரு. முதல் நாள் ஒவ்வொருத்தரையா எந்திரிக்கச் சொல்லி, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டேன். கலைன்னா ஆசைங்க சார்னு ஒருத்தர், சின்ன வயசுல இருந்தே கோலம் போடுவேனுங்கன்னு ஒருத்தர். சௌடேஸ்வரி மட்டும், "அந்த ரூம்ல நாற்காலி இருக்குதுங்க சார்"னுச்சு.

எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. அதாவது கோவிச்சுக்கவும் இல்ல. நான் கோவப்படற ஆளே இல்லைங்க. வகுப்புல எப்பவும் சிரிச்ச முகமாத்தான் இருப்பேன். இருபத்தாறு வருஷமா அப்படித்தான்.

இப்ப வகுப்பு எப்படின்னு கொஞ்சம் சொல்றேன், அப்பத்தான் விஷயம் புரியும். முதல் வகுப்பு புள்ளி. ரெண்டாவது கோடு. மூணாவதுல தினமும் கண்ணுல படற ஏதாச்சும் ஒரு உருவத்தை வரையச் சொல்லுவேன். தாமரை, மாங்காய், இலை, இப்படித்தான் வரும். அந்தம்மா என்ன வரைஞ்சுச்சு தெரியுங்களா? நூல் அறுந்த இடம். குறுக்க ஓடற ஊடைநூல் ஒண்ணு விட்டுப்போயி ஒரு கீத்து விழுமில்ல, அதை. என்னம்மா இதுன்னேன். "தினமும் கண்ணுல படறது இதுதானுங்க சார்"னுச்சு. நான் தப்பை வரையச் சொல்லலைம்மான்னு சொல்லி முட்டை போட்டேன். அதே கீத்தை அடுத்த வகுப்புல பக்கம் பக்கமா, மேல கீழன்னு அடுக்கிக் காட்டுச்சு. மழை பெய்யற மாதிரி இருந்துச்சு. நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லணும். சொல்லல. முதல் வகுப்புகள்லயே புகழ்ந்தா தலையில ஏறிக்கும்.

அப்படி அடுக்கறதுக்குத்தான் ரிப்பீட்டுன்னு பேரு. எங்க தொழிலே அதுலதான் இருக்கு. ஒரு கட்டத்துக்குள்ள எதை வேணா அழகா வரைஞ்சுடலாம். அதையே நூறு கட்டமா அடுக்கறப்பத்தான் குட்டு வெளிப்படும். தனியா இருக்கறப்ப ஒழுங்கா இருந்த இலை, சேத்து வச்சா கோணலா ஒரு வரிசை கட்டி ஓடும். நாம வரையாத ஒண்ணு நடுவுல வந்து உக்காந்துக்கும். அதனால வரைஞ்சு முடிச்சதும் சுவத்துல மாட்டணும், ஆறடி தள்ளி நிக்கணும், கண்ணை அரைவாசி மூடிப் பாக்கணும். அப்புறம் தலைகீழா மாட்டி மறுபடியும் பாக்கணும். இது என்னோட மூணாவது விதி. போர்டுல எழுதி, கீழ ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கேன். தன் முதுகு தனக்குத் தெரியாதும்மா, அதனாலதான் இந்த விதின்னு ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்லுவேன்.

இந்த வாடை காகித மில்லோடது. புகழூர் வந்துருச்சு. ஜன்னலை இறக்கறதுன்னா இறக்கிக்குங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். முதலாளி வீட்டுல கல்யாணம். ஒரே பொண்ணு. வர்றவங்களுக்குத் தாம்பூலப் பையோட ஆளுக்கொரு பெட்ஷீட் கொடுக்கறதுன்னு முடிவு பண்ணி, டிசைனை நீங்களே பண்ணிக் கொடுங்க வாத்தியாரேன்னு என்கிட்ட வந்து கேட்டாரு. இருபத்தாறு வருஷத்துல நான் வரைஞ்சது ஒண்ணு துணியில ஏறப்போறது அதுதான் முதல் தடவை. இதை ஏன் சொல்றேன்னா... சும்மாதான் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, அது உண்மை.

ஜோடி அன்னம் வரைஞ்சேன். கல்யாணத்துக்குப் பொருத்தமா இருக்கணுமில்ல. ரெண்டு அன்னம் எதிரும் புதிருமா, கழுத்தை வளைச்சு, அலகோட அலகு தொட்டுக்கிட்டு. றெக்கை மேல தூக்கியிருக்கும். உடம்பு நல்லா வட்டமா, நடுவுல ஒரு சுழி. கீழ தாமரை இதழ் ரெண்டு அடுக்கு. ஒரு அன்னந்தான் வரைஞ்சேன், இன்னொண்ணு கண்ணாடியில பாக்கற மாதிரி அப்படியே திருப்பிப் போட்டது. நீளத்துல எட்டு ஜோடி, அகலத்துல ஆறு. ஒரு விரிப்புல நாப்பத்தெட்டு ஜோடி.

பெரிய தாள்ல கலர் அடிச்சு, எல்லாரும் பாத்துக் கத்துக்கட்டும்னு வகுப்புல மாட்டினேன். வாத்து நல்லா இருக்குதுங்க சார்னு ரெண்டு மூணு பேரு சொன்னாங்க. அன்னம்மா அது, அன்னம்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை உள்ள நுழையறேன், என் படம் தலைகீழாத் தொங்குது. நாலு மூலையிலயும் பின் குத்தி, ஒழுங்கா, தலைகீழா. முன்னால ஆறடி தள்ளி சௌடேஸ்வரி கண்ணை அரைவாசி மூடிக்கிட்டு நிக்குது.

நீங்களே சொல்லுங்க, எந்த வாத்தியாருக்குச் சுருக்குன்னு இருக்காது? நான் கோவப்படல. "என்னம்மா இது"ன்னுதான் கேட்டேன்.

"மூணாவது விதிங்க சார்"னுச்சு.

"அது கத்துக்கறவங்களுக்கும்மா. சாமி சிலையக் கவுத்து வச்சுப் பாப்பாங்களா?"

கழட்டி நேரா மாட்டிட்டேன். அந்தம்மா கிட்ட வந்து, வேற யாருக்கும் கேக்காத மாதிரி மெதுவா, "சார், நடுவுல ஒரு முகம் தெரியுதுங்க சார்"னுச்சு. என்ன முகம்னேன். "ஆம்பளை முகமுங்க. கண்ணாடி போட்டு, மீசை வச்சு." அப்புறம், "கோவமா இருக்கறாருங்க"ன்னுச்சு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம்மா, போயி உக்காருன்னு சொல்லிட்டேன். பாடம் நடத்தணுமில்ல.

அது முதல் தடவை.

ரெண்டாவது தடவை கம்பெனியிலயே. சேம்பிளா பத்து மீட்டர் அச்சடிச்சாச்சு, வந்து பாருங்கன்னு கூப்பிட்டாங்க. போனேன். அச்சடிச்சுச் சுருட்டின துணியில கடைசி நுனி வெளிய இருக்குமில்ல, செக்கிங் மேஜைக்கு அதுதான் முதல்ல வரும். ஆகையினால அங்க நிக்கறவங்க கண்ணுக்கு எல்லாமே தலைகீழாத்தான் வரும். பதினோரு வருஷமா உலகத்தைத் தலைகீழாவே பாத்த பொம்பளை, அதுக்குப் போயி நேரா இருக்கறது எப்படிங்க புரியும்? நான் மேஜைக்கு அந்தப் பக்கம் போயி நின்னேன். விரிப்புக்கு நாப்பத்தெட்டு ஜோடி. விளக்கு வெளிச்சத்துல என் அன்னம் ஒவ்வொண்ணா மிதந்து வருது. சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அப்பப் பாத்து ஒரு ஜோடிக்கு நடுவுல சிவப்பு ஸ்டிக்கர். அம்புக்குறி சரியா நடுவுல காட்டுது. எதிர்ல சௌடேஸ்வரி. "சார், இந்தப் பக்கம் வந்து ஒரே ஒரு தடவை பாத்துருங்க சார்"னு கேட்டுச்சு. இப்பவும் மெதுவாத்தான். நான் ஸ்டிக்கரை உரிச்சுட்டேன். நூல்ல இருக்கற தப்புக்குத்தாம்மா ஸ்டிக்கர், டிசைனுக்கு ஒட்டற வழக்கம் இல்லைன்னேன். அது உண்மைதாங்க, அப்படி வழக்கம் இல்ல. அந்த ஸ்டிக்கர் எங்க போடறதுன்னு தெரியாம டைரியில ஒட்டினேன். இன்னும் இருக்கு.

மூணாவது தடவை போன்ல. கல்யாணத்துக்கு முந்தின நாள், எல்லாரும் உக்காந்து விரிப்பை மடிச்சுப் பையில போட்டுக்கிட்டிருக்காங்க. "சார், மடிக்கறப்ப முகந்தான் மேல வருதுங்க சார்"னுச்சு.

"மாத்தி மடிங்க"ன்னு வச்சுட்டேன்.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. சாப்பாடு பிரமாதம். நான் பந்தியில உக்காந்திருக்கறப்பவே ரெண்டு மூணு பேரு என்னைப் பாத்துட்டுப் பையத் திறந்து பாத்தாங்க, மறுபடி என்னைப் பாத்தாங்க. டிசைன் பண்ணினவர் இவர்தான்னு தெரிஞ்சு போச்சு போலன்னு நானும் தலையாட்டினேன்.

அடுத்த நாள் நடந்ததை விவரமாச் சொல்ல மாட்டேன், மரியாதை இல்ல. பொண்ணு மாப்பிள்ளை அறையில கட்டில்லயும் அதையேதான் விரிச்சிருக்காங்க. வாசல்ல நின்னு பாக்கறவங்களுக்கு நேரா இருக்கும். தலைமாட்டுல சாஞ்சு உக்காந்து கால்மாட்டைப் பாத்தா... சரி விடுங்க. பொண்ணு விரிப்பை மடிச்சுக் கதவுக்கு வெளிய வச்சு, "இந்த ஆளு வெளியவே இருக்கட்டும்"னு சொல்லுச்சாம்.

முதலாளி கூப்பிட்டு விட்டாரு. மேஜை மேல விரிப்பு. அவரு அந்தப் பக்கம் உக்காந்திருக்காரு, நான் இந்தப் பக்கம் நிக்கறேன். என் பக்கம் இருந்து பாத்தா அன்னந்தான், சத்தியமா அன்னந்தான்.

"வாத்தியாரே, ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கீங்க"ன்னாரு.

"நன்றிங்க"ன்னேன்.

"புள்ளையார் புடிக்கக் குரங்கா முடிஞ்சதுன்னு சொல்லுவாங்க. நீங்க அன்னம் புடிக்கப் போயி, நீங்களே வந்து நின்னுட்டீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க போட்டோவையே போட்டிருப்பேன்."

அந்த முகம் நான்தானாம். வேணும்னே என் மூஞ்சிய வரைஞ்சு அவரு பொண்ணு கல்யாணத்துல ஊரு பூராவும் கொடுத்துட்டேனாம். அடுத்த பேட்சு அனுப்பப் போறதில்லைன்னுட்டாரு. மார்க் லிஸ்டை மட்டும் ஒழுங்காக் கொடுத்துருங்க, நாற்காலி ஒண்ணு காலியா இருக்குதுன்னாரு.

வீட்டுக்குக் கொண்டுபோன விரிப்பை எங்க வீட்டம்மா ஒரு தடவை விரிச்சுப் பாத்துட்டு, மடிச்சு பீரோவுல வச்சுட்டா. ஏன் போடலைன்னேன். "ஒண்ணு போதும்"னா.

என் வருத்தம் என்னன்னு கேட்டீங்கன்னா, எல்லாம் அந்தம்மா பண்ணினது. அது சொல்றதுக்கு முன்னால யாராச்சும் முகத்தைப் பாத்தாங்களா? வாத்துன்னாங்க, அது வேற விஷயம். முகம்னு ஒருத்தரும் சொல்லல. இது ஒரு ஆளு காதுல போட்டு, அது பத்து ஆளு காதுக்குப் போயி, ஊரே முகத்தைப் பாத்துருச்சு. யாருகிட்டச் சொல்லுச்சுன்னு விசாரிச்சேன். யாருகிட்டயும் சொல்லலையாம், உங்ககிட்ட மட்டுந்தானுங்க சார் சொன்னேன்னுச்சு. அது எப்படிங்க?

அதுக்காக மார்க்கைக் குறைச்சேன்னு நினைக்காதீங்க. நான் அந்த மாதிரி ஆளு இல்ல. கலர் சக்கரத்துல ஊதாவுக்குப் பக்கத்துல கொஞ்சம் வழிஞ்சிருந்துச்சு. கோடு நடுங்குது. நாள் பூரா நின்னுட்டு வந்து வரைஞ்சா நடுங்கத்தான் செய்யும், அது எனக்கும் தெரியும், ஆனா மார்க்குப் போடறப்ப அதையெல்லாம் பாக்க முடியாது. வரிசையாக் கூட்டிப் பாத்தேன். முப்பத்தொண்ணு வந்துச்சு. மறுபடி கூட்டினேன். இருபத்துநாலு வந்துச்சு.

கடைசி வகுப்பன்னைக்கு எல்லாரும் கிளம்பிட்டாங்க, சௌடேஸ்வரி மட்டும் நின்னுச்சு. அங்கயும் நிக்கறது. "சார், நான் பாஸுங்களா"ன்னு கேட்டுச்சு. லிஸ்ட்டு வரும்மான்னேன். "முகம் தெரியலைன்னு சொன்னாப் பாஸ் போடுவீங்கன்னு கூடப் படிக்கறவங்க எல்லாம் சொல்றாங்க சார்"னுச்சு. சரி, சொல்லும்மான்னு நான் கேக்கல. ஆனா காத்துக்கிட்டு நின்னேன், அதை ஒத்துக்கறேன். ரெண்டு பேரும் நிக்கறோம்.

"தெரியுதுங்களே சார்"னுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிருச்சு.

அந்த நாற்காலி வேணும். ஒரே ஒரு பொய். கால் அப்படி வீங்கிக் கிடக்கு. ஒரு சின்னப் பொய் சொல்ல என்னங்க வந்துச்சு? அன்னைக்கு எனக்கு வந்தது கோவமான்னு கேட்டா, கோவம் இல்ல. என்னன்னு தெரியல.

கொடுமுடி வந்துருச்சா. முறுக்கு வேணுங்களா? வேண்டாமா. சரி.

அதனாலதான் உங்களைக் கேக்கறேன். இதோ, இதுதான் அந்த விரிப்பு. என் மடியில விரிக்கறேன், நுனி தொங்கட்டும். இப்ப நீங்க எதிர்ல இருந்து, மூணாம் மனுஷனா, மனசுல எதையும் வச்சுக்காம பாத்துச் சொல்லுங்க. முகம் இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா இப்பவே இருபத்துநாலுக்குப் பேனா ஓட்டிடறேன். இருக்குன்னு சொன்னீங்கன்னா... சொல்ல மாட்டீங்க. நல்லாப் பாருங்க. அவசரம் இல்ல.

ஏன் வாயைப் பொத்திக்கறீங்க?

என் மூஞ்சிய எதுக்குங்க பாக்கறீங்க, துணியப் பாருங்க. துணி கீழ இருக்கு. மறுபடியும் என்னையே பாக்கறீங்க. சிரிப்பு வந்தாச் சிரிங்க, அடக்கினா புரையேறும். வாத்துன்னுதானே சொல்லப்போறீங்க? கோழித் தீவனம் விக்கறவருக்கு அன்னம் வாத்தாத்தான் தெரியும், அதை நான் குத்தமா எடுத்துக்க மாட்டேன்.

திருப்பிப் பாக்கறதா? முடியாதுங்க. எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. முதலாளி சொன்னாரு, எங்க வீட்டம்மா சொன்னா. நேராப் பாக்கறதுக்கு வரைஞ்சதை நான் எதுக்குத் திருப்பணும்? நான் திருப்பினா, திருப்ப வேண்டிய துணின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இந்த மூணு வாரத்துல ஒரு தடவைகூட நான் திருப்பல.

வெயில் இந்தப் பக்கமா அடிக்க ஆரம்பிச்சுருச்சு. கண்ணு கூசுது. உங்க பக்கம் நிழலா இருக்கு, நான் அங்க வந்து உக்காந்துக்கறேனே. வெயிலுக்காகத்தான், வேற ஒண்ணும் இல்ல. துணி சீட்டுலயே இருக்கட்டும், அசைக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளிக்குங்க. ம்.

...

...

இது ஊஞ்சலூருங்களா? பாசூரா. அதுக்குள்ள பாசூர் வந்துருச்சா.

வட்டமா ரெண்டு உடம்பு. அதுதான் கண்ணாடி. அந்தச் சுழி கண்ணு. கழுத்து ரெண்டும் சேந்து மூக்கு. றெக்கை இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, மீசை. தாமரை இதழை நான் எவ்வளவு ஆசையா வரைஞ்சேன் தெரியுங்களா? அது நெத்திச் சுருக்கம். பாதியில இல்லைங்க. நான் வரைஞ்ச பாதியில முகம் இல்ல, அதை மட்டும் குறிச்சுக்குங்க. சேத்து வச்சாத்தான் வருது.

நாப்பத்தெட்டுப் பேரு. எல்லாரும் என்னையே பாக்கறாங்க.

நான் இவ்வளவு கோவமாங்க இருப்பேன்? சொல்லுங்க. உங்களை நான் இப்பத்தான் பாத்தேன், ஒரு மணி நேரமாப் பேசிக்கிட்டு வர்றேன், இப்படியாங்க இருந்துச்சு என் மூஞ்சி?

சரி. சரி, சொல்ல வேண்டாம்.

ஆறு மாசம். இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டா அந்த எட்டுப் பேரும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்திருந்தாங்க? இந்த மூஞ்சிகிட்டயா வந்து, "சார், நடுவுல ஒரு முகம் தெரியுதுங்க"ன்னு மூணு தடவை சொல்லுச்சு?

அந்தக் கவரை எடுங்க. பைக்கு அடியில, ஆமாம், அதுதான். அழி ரப்பர் என்கிட்ட இருக்கு, அது இல்லாம நான் வெளிய இறங்கறதில்ல. பேனா உங்ககிட்ட இருக்குமே, ஆர்டர் எழுதற பேனா? கொடுங்க. நீலம்தானே, நல்லது. ரயில் ஆடுது, லிஸ்டை ஒரு பக்கமாப் புடிச்சுக்குங்க. ஈரோடு வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்.

நாப்பத்தொம்பது. அம்பதுக்கு நாப்பத்தொம்பது. பக்கத்துல கையெழுத்து. முடிஞ்சது.

ஒரு மார்க்கு எதுக்குன்னா கேக்கறீங்க? ஒண்ணு குறைக்கத்தாங்க வேணும். அந்தம்மா அவ்வளவு மெதுவாச் சொல்லியிருக்கக் கூடாது.